கிளாஸ்கோவில் பூட்டிக் கிடக்கும் மைதானங்கள்

ஸ்காட்லாந்தின் கால்பந்து ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன். எங்கே தங்கலாம், எதில் போகலாம், எவ்வளவு செலவாகும் என்பதை வரிசையாகச் சொல்வதாக நண்பர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் மனத்தில் முந்தி வந்து நிற்பது ஒரு கேள்விதான். மக்கள்தொகை 55 இலட்சத்தைத் தொட்டு நிற்கும் இந்தச் சிறிய நாடு, இங்கிலாந்தின் பெரிய அணிகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் வீரர்களையும் மேலாளர்களையும் அனுப்பிக்கொண்டிருந்த நாடு, சொந்தப் பிள்ளைகளை ஆட்டக்காரர்களாக வளர்த்தெடுக்கும் வழக்கத்தை எப்படித் தளரவிட்டது?

முதலில் போனது கிளாஸ்கோவின் கிழக்கே உள்ள, நகரின் இரண்டு பெரிய கிளப்புகளில் ஒன்றான செல்டிக்கின் மைதானத்துக்கு. நகர மையத்திலிருந்து நகரப் பேருந்திலேயே போய்விடலாம். வாசலில் ஜாக் ஸ்டீன், ஜிம்மி ஜான்ஸ்டன், பில்லி மக்நீல் ஆகியோரின் சிலைகள் நிற்கின்றன. 1967 மே 25 அன்று லிஸ்பனில் இன்டர் மிலானை 2–1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அணியின் பதினொருவரும் இந்த மைதானத்தைச் சுற்றி ஏறத்தாழ முப்பது மைல் எல்லைக்குள் பிறந்தவர்கள். அவர்களை வழிநடத்திய ஸ்டீன், அருகிலிருக்கும் லனார்க்ஷயரில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஐரோப்பாவின் உச்சக் கோப்பையை ஒரே வட்டாரத்துப் பையன்கள் வென்ற அந்த அதிசயம் இனி எந்த ஊரிலும் நடக்கப் போவதில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்து கிளென்பக். லிவர்பூல் அணியைப் பெரிய அணியாக்கிய பில் ஷாங்க்லி 1913இல் பிறந்த சுரங்கக் கிராமம் அது. அவரோடு பிறந்த சகோதரர் நால்வரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஆயிரம் பேரைச் சுற்றியே மக்கள்தொகை இருந்த அந்த ஊர் ஏறத்தாழ ஐம்பது தொழில்முறை வீரர்களைத் தந்திருக்கிறது. அங்கே போவதுதான் பெரும்பாடு. கிளாஸ்கோவிலிருந்து பேருந்து மாறிப் போக வேண்டும். இரண்டாவது பேருந்து அட்டவணையில் போட்ட நேரத்துக்கு வரவே இல்லை. மழையில், கூரையில்லாத நிறுத்தத்தில், யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நின்றேன். கடைசியில் பேசிப் பிடித்த வாடகைக் காரின் ஓட்டுநர், போக வர என்று ஒரு தொகை சொல்லி அழைத்துப் போனவர், திரும்பி வந்து இறங்கும்போது காத்திருந்த நேரத்துக்குத் தனியாகப் பணம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். கொடுத்துத்தான் தீர்த்தேன், அன்றைய இரவுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் அதிலேயே போயிற்று. பேசும் தொகையில் காத்திருப்பும் சேர்த்தி என்று வண்டியில் ஏறும் முன்பே வாயால் சொல்ல வைத்துவிடுங்கள்.

அவ்வளவு செலவழித்துப் போய்ச் சேர்ந்தால் அங்கே ஊரே இல்லை. சுரங்கங்கள் மூடிய பின் மக்கள் வெளியேறினார்கள். ‘செர்ரிபிக்கர்ஸ்’ என்ற பெயரில் ஆடிய ஊர் அணி 1931இல் கலைந்தது. பிற்காலத்தில் திறந்தவெளி நிலக்கரி வெட்டு மிச்சமிருந்ததையும் தின்றுவிட்டது. ஷாங்க்லிக்கு ஒரு நினைவுக்கல்லும் சில தகவல் பலகைகளும் இருக்கின்றன.

சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் எஃகு ஆலையும் போனதால் கால்பந்தும் போயிற்று என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் அது பாதி உண்மைதான். மற்றப் பாதி பள்ளிகளில் நடந்தது. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆட வைத்தவர்கள் ஆசிரியர்கள். அதற்கு அவர்களுக்குத் தனி ஊதியம் கிடையாது. 1980களின் நடுவில் ஊதியப் போராட்டம் நீண்டபோது, பாட நேரத்துக்கு வெளியே செய்துவந்த வேலைகளை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். போராட்டம் முடிந்த பிறகும் பல பள்ளிகளில் அந்தச் சனிக்கிழமைகள் திரும்பவே இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாட்டின் கால்பந்து முழுவதையும் அவர்களுடைய இலவச உழைப்பின் மேல் நிறுத்தியிருந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கிளாஸ்கோவின் தெற்குப் பகுதியில் உள்ள கேத்கின் பூங்காவைத் தவறவிடாதீர்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1872இல் தொடங்கிய தேர்ட் லனார்க் அணியின் மைதானம் இது. 1960–61 பருவத்தில் லீக்கில் 100 கோல் அடித்து மூன்றாமிடம் பிடித்த அணி, செல்டிக் லிஸ்பனில் வென்ற அதே 1967இல் கடனில் மூழ்கி மூடப்பட்டது. பார்வையாளர்கள் நின்ற படிக்கட்டுகள் இன்னும் இருக்கின்றன, நடுவில் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. நாயோடு நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். சுரங்கக் கழிவுக் கல்லை நொறுக்கிப் பரப்பிய செந்நிறத் தரையில் முழங்கால் தோல் உரிய உரிய, இருட்டும் வரை ஆடியதைச் சொன்னார். பேரனுக்குச் சீருடையும் பயிற்சியாளரும் உண்டு, மாதாமாதம் கட்டணமும் உண்டு, ஆனால் வாரத்தில் சில மணி நேரம்தான் அவன் காலில் பந்து படுகிறது என்று வருத்தப்பட்டார்.

அன்று மாலையே அதை நேரில் பார்த்தேன். நல்ல செயற்கைப் புல்தரை, உயரமான வேலி, மின்விளக்குகள், கதவில் பூட்டு. மணிக்கணக்கில் வாடகை கட்டியவர்கள் மட்டும் உள்ளே போகலாம். வேலிக்கு வெளியே நான்கைந்து சிறுவர்கள் நடைபாதையில் பந்தை உருட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் ஆடாத மைதானத்தை ஏழைப் பிள்ளைகளுக்குப் பூட்டி வைப்பது அநியாயம்.

பெரிய கிளப்புகளும் இதற்குப் பொறுப்பு. 1986இல் கிரேம் சூனஸ், கிளாஸ்கோவின் மற்றொரு பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸுக்கு மேலாளராக வந்து டெரி புட்சர் போன்ற இங்கிலாந்து வீரர்களை வாங்கியதோடு, வெளியிலிருந்து ஆள் வாங்கும் ஓட்டம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றிய வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கக் கூடாது என்ற 1995இன் போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு வெளிநாட்டு வீரர்களைச் சேர்ப்பது இன்னும் எளிதாயிற்று. 2000இல் நார்வே வீரர் டோர் ஆந்திரே ஃப்ளோ ஒருவருக்காக ரேஞ்சர்ஸ் 120 இலட்சம் பவுண்டு கொட்டியது. அந்தப் பணத்தில் எத்தனை ஊர்களில் மைதானம் போட்டிருக்கலாம்! பதினேழு வயதுப் பையனை ஆட வைத்துத் தோற்றால் மேலாளரின் வேலை போய்விடும் என்பதால், அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். தேறியவர்களையும் தக்கவைக்க முடிவதில்லை. பில்லி கில்மோர் 2017இல் ரேஞ்சர்ஸிலிருந்து செல்சிக்கும், பென் டோக் 2022இல் செல்டிக்கிலிருந்து லிவர்பூலுக்கும் பதினாறு வயதிலேயே போனார்கள். பிரெக்சிட்டுக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வாங்க முடியாத இங்கிலாந்து கிளப்புகளின் கண் இப்போது வடக்கே பதிந்திருக்கிறது.

2025 நவம்பரில் ஸ்காட்லாந்து அணி தன் தேசிய மைதானமான கிளாஸ்கோ ஹாம்ப்டனில் டென்மார்க்கை 4–2 என்று வீழ்த்தி, 1998க்குப் பிறகு முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்களே என்று கேட்பீர்கள். அந்த வெற்றியைக் கண்டு நானும் குதித்தேன். ஆனால் அந்த அணியைப் பாருங்கள். கோல் காத்த கிரெய்க் கார்டனுக்கு அப்போது 42 வயது. முதல் கோலை அடித்த ஸ்காட் மக்டாமினே பிறந்தது இங்கிலாந்தின் லங்காஸ்டரில், வளர்ந்தது மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியில். முன்கள வீரர்களில் சே ஆடம்ஸ் லெஸ்டரில் பிறந்தவர், லிண்டன் டைக்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். சீருடைக்காக உயிரைக் கொடுத்து ஆடும் அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டென்னிஸ் லா, கென்னி டால்கிலீஷ் என்ற கோல் மன்னர்களைத் தந்த நாட்டில் உள்ளூரில் வளர்ந்த கோல் அடிப்பவரைத் தேட வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம். அணித்தலைவர் ஆண்டி ராபர்ட்சனையே சிறுவயதில் செல்டிக் வேண்டாமென்று அனுப்பியது. அப்போது ஊதியமில்லா அணியாக இருந்த குவீன்ஸ் பார்க் இடம் கொடுத்திராவிட்டால் அவரும் தொலைந்துபோயிருப்பார்.

ஹாம்ப்டனில் உள்ள கால்பந்து அருங்காட்சியகம் கொடுக்கும் காசுக்குத் தகும். சென்ட்ரல் நிலையத்திலிருந்து மவுண்ட் ஃப்ளோரிடாவுக்கு ரயிலில் போய்விடலாம், வாடகைக் கார் தேவையே இல்லை. பயணத்தின் ஆகச் சிறந்த சாப்பாடு ஒரு கீழ்நிலை லீக் ஆட்டத்தில் கிடைத்தது: கடித்தவுடன் ஆவி பறக்கும், மாவுக்குள் கொத்துக்கறி அடைத்துச் சுட்ட ‘பை’, மிளகுக் காரம் நாக்கில் நிற்க, குளிருக்கு அதைவிட வேறெதுவும் வேண்டாம். என் பக்கத்தில் நின்றவர்கள் இடது ஓரத்தில் ஓடிய பையனைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் இரண்டு தெரு தள்ளி இருப்பவனாம். பெரிய மைதானங்களில் ஒரு சீட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை, கிளாஸ்கோ போகிறவர்கள் இந்த மாதிரி வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.