துண்டுக்குள் பேசிய விரல்கள்

மாமாவுக்கு ஒரு பசு மாடு வேண்டும் என்பதால், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியும் முன்னே கிளம்பி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிற குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போனோம். கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகளும் வருகிற சந்தை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே நேரத்தில் காதில் விழும், ஆனால் விலை மட்டும் எந்த மொழியிலும் காதில் விழாது. ஏனென்றால் அதைக் கையால்தான் பேசுகிறார்கள்.

மாமா பார்த்து வைத்த மாட்டுக்குப் பக்கத்தில் தரகர் வந்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கை மேலும் போட்டார். அவ்வளவுதான். உள்ளே விரல்கள் பேச, வெளியே இரண்டு முகமும் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரிந்துவிட்டால் அடுத்த மாட்டுக்கு அதை வைத்தே பேசுவான், அதனால்தான் இந்த மறைப்பு.

பேரம் முடிந்த பிறகு கேட்டேன், “அண்ணா, எனக்கும் ஒருதரம் காட்டுங்களேன்.” சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தார். கயிறு பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை, சொரசொரவென்று இருந்தது. என் நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு அழுத்து, விட்டுவிட்டு இரண்டு விரலை மட்டும் ஒரு அழுத்து. நாற்பத்திரண்டாயிரமாம். “நாலுன்னா நாலாயிரமா, நாற்பதாயிரமான்னு எப்படித் தெரியும்?” என்றேன். “மாட்டப் பாத்தா தெரியாதா தம்பி?” என்றார். அந்தப் பதில்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. விரலில் பாதி விலைதான் இருக்கிறது, மீதி இரண்டு பேருக்கும் தெரிந்த அந்த மாட்டில் இருக்கிறது. தெரியாதவன் கையை விட்டால் வெறும் கைகுலுக்கல்தான்.

மாட்டை வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து தர்மபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனோம். வழியெல்லாம் மாமா போனில் அத்தையிடம் மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார், கொம்பு இப்படி, திமில் இவ்வளவு என்று இன்னொரு கையால் காற்றில் வரைந்தபடி. அத்தைக்கு அது தெரியப்போவதில்லை, ஆனாலும் கை நிற்கவில்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள்கூட, எதிரே இருப்பவருக்கும் பார்வை இல்லை என்று தெரிந்தும் கையசைத்துத்தான் பேசுகிறார்கள் என்று 1998இல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது. யாரையும் பார்த்துப் பழகிய பழக்கம் இல்லை அது. யோசிக்கிறபோதே கையும் சேர்ந்து யோசிக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒகேனக்கல்லில் நேர் எதிர். அங்கே வாயால் பேசிப் பயனே இல்லை, அருவிக்குப் பக்கத்தில் போகப் போகத் தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கத்தினாலும் கேட்காது. பரிசல்காரர் உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு தரம் அமுக்கினால் அசையாமல் உட்கார வேண்டும், அதை யாரும் சொல்லித் தரவில்லை, பரிசலில் இருந்த குழந்தைக்குக்கூடப் புரிந்தது.

நடு ஆற்றில், கர்நாடகக் கரைப் பக்கமிருந்து வந்த பரிசல்காரர் ஒருவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, கையை மெல்ல மேலே உயர்த்தி, அப்புறம் பக்கவாட்டில் ஆட்டினார். எங்கள் ஆள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், பரிசலைத் திருப்பினார்.

“என்ன சொன்னாருங்க?”

“தண்ணி ஏறுது, அந்தப் பாறைப் பக்கம் போகாதேங்கறாரு.”

அவர் கன்னடக்காரர், இவருக்குக் கன்னடம் தெரியாதாம்.