முதல் ஓட்டம் டிஃபென்டருக்கு

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். காலையில் மைதானம், மதியத்துக்கு மேல் அலுவலகம். பதினொரு வருஷம் அலுவலகக் கால்பந்து அணியில் ஃபார்வர்டு, முன்னால் நின்று கோல் போட வேண்டியவன். மேட்ச் முடிந்த மறுநாள் செக்‌ஷனில் நுழைந்தால் வரும் முதல் கேள்வி, "என்னப்பா, நேத்து கோல் போட்டியா?" போட்டிருந்தால் டீ அவர்கள் கணக்கு. இல்லையென்றால், "அப்போ சும்மா நின்னுட்டு வந்தியா?"

அந்த 'சும்மா'தான் இத்தனை வருஷம் கழித்தும் உறுத்துகிறது. தொண்ணூறு நிமிடத்தில் பந்து ஃபார்வர்டின் காலில் இருக்கும் நேரத்தைக் கூட்டினால் இரண்டு மூன்று நிமிடம் தேறினாலே அதிகம். மீதி நேரமெல்லாம் நம்மைத் தடுக்க நிற்கும் டிஃபென்டரை இழுத்துக்கொண்டு நியர் போஸ்டுக்கு, அதாவது பந்து இருக்கும் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு ஓடுவது, ஓரத்திலிருந்து கிராஸ் வரவில்லை என்றால் திரும்பி நடப்பது, டிஃபென்டர்களைத் தாண்டி நின்று ஆஃப்சைடில் சிக்காமல் ஓரடி பின்னால் வந்து நிற்பது, மறுபடியும் அதே வேகத்தில் ஓடுவது. எங்கள் கோச் சொல்வார்: "முதல் ஓட்டம் டிஃபென்டருக்கு, ரெண்டாவதுதான் உனக்கு." இந்த முதல் ஓட்டம் எந்த ஸ்கோர் ஷீட்டிலும் ஏறாது.

எங்கள் ஆட்களுக்கு அப்போது இந்திய அணியின் ஃபார்வர்டு ஐ.எம். விஜயன்தான் எல்லாம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் 1987-ல் கேரள போலீஸ் அணிக்கு வந்தார், அப்புறம் கொல்கத்தாவின் மோகன் பகான், பஞ்சாபின் ஜே.சி.டி. என்று கிளப்புகளுக்குப் போனார். 1999-ல் பூட்டானுக்கு எதிராகப் பன்னிரண்டாவது விநாடியில் அவர் போட்ட கோலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. 1996-97-ல் முதல் தேசிய லீக்கை ஜே.சி.டி. வென்றபோது அதிக கோல் அதே அணியின் இன்னொரு ஃபார்வர்டு பாய்ச்சுங் பூட்டியா பெயரில், மொத்தம் 14. பக்கத்தில் விஜயன் ஓடும்போது டிஃபென்டர்களின் கண் யார் மேல் இருந்திருக்கும் என்று ஒரு ஃபார்வர்டைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் விஜயன் போலீஸுக்கே திரும்பி 2025-ல் அதிகாரியாக ஓய்வு பெற்றார், அதே வருஷம் பத்மஸ்ரீ. பொறாமை என்றால் எனக்கு அந்தக் கோலின் மீது இல்லை, விளையாட்டும் உத்தியோகமும் கடைசிவரை ஒன்றையொன்று கைவிடாமல் வந்ததே, அதன் மீதுதான்.

என் கதை அப்படி இல்லை. ஒரு பைனலில், கோல்கீப்பர் விழுந்து கிடக்க, ஆறு கெஜத்தில் இருந்து பாருக்கு மேலே அடித்தேன். செக்‌ஷனில் ஒரு மாசம் அதே பேச்சு. அடுத்த சீசனில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதன் பிறகு நேராக கவுன்டரில் உட்கார வைத்தார்கள், லெட்ஜர் எப்படி எழுதுவது என்று முப்பத்திரண்டு வயதில் என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன். நல்ல பெண், ஒரு தடவைகூட கோலைப் பற்றிக் கேட்டதில்லை.

இப்போது ஞாயிறு காலையில் வயசான ஆட்கள் சேர்ந்து ஆடுகிறோம். முதல் ஓட்டம் ஓடிவிடுகிறேன், இரண்டாவதுக்குத்தான் முழங்கால் வரமாட்டேன் என்கிறது.