படித்த வீட்டில் விழும் அடி

என் அப்பா இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவர். வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம், அந்த அலமாரியின் மேல்தட்டில் ஒரு மர ஸ்கேல். ரேங்க் கார்டு வரும் நாளில் அவர் சத்தமே போட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு "கையை நீட்டு" என்பார். நூற்றுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை அடி, 91 என்றால் 9. நான்தான் எண்ண வேண்டும், அழுகையில் எண் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. நடுவில் யாராவது வந்துவிட்டால் ஸ்கேல் மேலே போய்விடும், வந்தவர் காபி குடித்துவிட்டு "படித்த குடும்பம், பிள்ளை எவ்வளவு அடக்கம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பெற்ற பிள்ளையை அடித்துச் சூடுவைத்தார்கள் என்று ஒரு செய்தி வந்தால் போதும், "படிப்பறிவு இல்லாதவர்கள், வேறு எப்படி இருப்பார்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அதில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெற்றோருக்குப் படிப்பு குறைவாக உள்ள வீடுகளில் இது கூடுதலாக நடப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் படிப்பு குறைந்த வீட்டில் பெரும்பாலும் வருமானமும் குறைவு, தூக்கம் குறைவு, ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது, இதில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது லேசான வேலை இல்லை. அப்புறம், இல்லாதவர் வீட்டுச் சத்தம் தெருவுக்கே கேட்கும். வசதியான வீட்டில் கதவு சாத்தியிருக்கும், டாக்டரிடம் "மாடிப்படியில் விழுந்துவிட்டான்" என்று தடுமாறாமல் சொல்லத் தெரியும், டாக்டரும் நம்பிவிடுவார்.

ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினார்கள். அமெரிக்காவில் ஜான் கேஃபி என்ற எக்ஸ்ரே நிபுணர் 1946-ல், மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்த 6 குழந்தைகளுக்குக் கை கால் எலும்பிலும் முறிவு இருந்ததை எழுதினார். பெற்றோரே அடிப்பதால் வரும் காயங்கள் இவை என்று ஹென்றி கெம்ப் என்ற குழந்தைகள் டாக்டரும் கூட இருந்த டாக்டர்களும் ஒரு கட்டுரை எழுதி மருத்துவ உலகத்துக்கு உறைக்கும்படி சொல்ல 1962 ஆகிவிட்டது. நல்ல படிப்பும் நிலையான வசதியும் உள்ளவர்களிடமும் இது நடக்கிறது என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் நாம் அந்த ஒரு வரிக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

சரி, எந்தப் படிப்புதான் உதவும்? பிறந்த குழந்தையின் அழுகை வாரத்துக்கு வாரம் கூடி, இரண்டாவது மாத வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகக் குறையும். இது எந்தப் பட்டப்படிப்பிலும் பொதுவாகச் சொல்லித்தரும் விஷயம் இல்லை. இது தெரியாதவர், பிள்ளை வேண்டுமென்றே அழுகிறது என்று நினைத்துப் பிடித்து உலுக்குகிறார், தலைக்குள் ரத்தநாளம் கிழிகிறது.

நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 1970-களின் கடைசியில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு முயற்சி செய்தார். முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, கர்ப்பத்தில் தொடங்கி குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை ஒரு நர்ஸ் போய்வந்தார். அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் வயதில் சின்னவர்கள், ஏழைகள், அல்லது திருமணம் ஆகாதவர்கள். யார் கையிலும் புதிதாகச் சான்றிதழ் எதுவும் கொடுக்கவில்லை. 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் போகாத குடும்பங்களோடு ஒப்பிட்டால் இவர்கள் மேல் பதிவான கொடுமை, கவனிப்பின்மைப் புகார்கள் ஏறக்குறைய பாதிதான்.

எங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். மகள் பிறந்து வீட்டுக்குக் கிளம்பும்போது வார்டு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அழுறதால பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது சார். உங்க கை இறுகுதுன்னு தெரிஞ்சா மல்லாக்கப் படுக்க வச்சுட்டு வெளிய வந்துடுங்க" என்றார். என் அப்பாவிடம் யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏழாவது வாரம், நடுராத்திரி, இரண்டு மணி நேரமாக அழுகை. அவளைப் பிடித்திருந்த என் விரல்கள் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன். தொட்டிலில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அக்காவுக்கு போன் போட்டேன். அவள் தூக்கக் கலக்கத்தில் "சொல்லுடா" என்றாள், அதன்பின் ரெண்டு பேரும் பெரிதாக எதுவும் பேசவில்லை. பத்து நிமிடம் கழித்து உள்ளே போனபோது பாப்பா இன்னமும் அழுதுகொண்டுதான் இருந்தாள், தூக்கிக்கொண்டேன்.