பேரன்ட் தூங்கவில்லையா, சைல்டைப் பாருங்கள்

மண்டபம் கரையில் கடல் நீரின் வெப்பமும் உப்பும் அளக்கும் பெட்டி ஒன்றுக்கு டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) எழுதும் வேலை போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு, பேட்டரி, மேலே சோலார் பேனல். ராமநாதபுரத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்பீர்கள். பேனல் மேல் உப்புக்காற்று பூசிவிட்டுப் போகும் வெள்ளைப் படலத்தையும், அதன் மேல் கடற்காகங்கள் செய்யும் காரியத்தையும் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகை மேகம் வேறு. அதனால் வேலையில்லாத கருவி எதுவாக இருந்தாலும் தூங்கியே ஆக வேண்டும்.

இதற்குத்தான் லினக்ஸின் மையமான கர்னலில் ரன்டைம் பிஎம் (பவர் மேனேஜ்மென்ட், ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையில்லாத கருவியைத் தூங்கவைக்கும் ஏற்பாடு) இருக்கிறது. ரஃபேல் விசோட்ஸ்கி எழுதியது, 2009-இல் 2.6.32 பதிப்போடு வந்தது. ஒரு டிவைஸ் வழியாக இன்னொன்று இணைந்திருந்தால் மேலே இருப்பது பேரன்ட், கீழே இருப்பது சைல்ட். ஒவ்வொரு டிவைஸுக்கும் இரண்டு எண்ணிக்கை வைத்திருப்பார்கள்: என்னை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எனக்குக் கீழே எத்தனை சைல்ட் விழித்திருக்கிறது. இரண்டும் பூஜ்யம் ஆனால்தான் தூக்கம். கடைசி வள்ளம் கரைக்கு வரும் வரை ஏலக்கூடத்து விளக்கை அணைக்க மாட்டார்களே, அந்தக் கணக்குதான். சைல்ட் எழும்போது கர்னல் முதலில் பேரன்ட்டை எழுப்பிவிட்டுத்தான் சைல்டைத் தொடும். சைல்ட் தூங்கியதும் பேரன்ட்டின் எண்ணிக்கையைக் குறைத்து, இப்போது நீ தூங்கலாமா என்று அதன் ஐடில் (வேலையில்லா நிலை) சோதனையை நடத்திப் பார்க்கும்.

ஆக, சைல்ட் டிரைவர் பேரன்ட்டைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. ஆனால் சைல்ட் டிரைவருக்குள்ளிருந்தே பேரன்ட்டின் கிளாக்கை நேராகப் போட்டு அணைக்கும் நிரலை இன்னும் பார்க்கிறேன். அந்த பஸ்ஸில் (கருவிகள் பேசும் பொது வழி) இன்னொரு சைல்ட் இருந்தால் அது அம்போ.

சரி, பேரன்ட் தூங்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? சிஸ்எஃப்எஸ்-இல் (கருவிகளின் நிலையை ஃபைல்களாகக் காட்டும் இடம்) டிவைஸின் பவர் ஃபோல்டருக்குள் ரன்டைம்_ஸ்டேட்டஸ் பாருங்கள். பிஎம் அட்வான்ஸ்டு டீபக் என்ற தேர்வைப் போட்டு கர்னலைக் கட்டியிருந்தால் ரன்டைம்_ஆக்டிவ்_கிட்ஸ் என்றும் ஒரு ஃபைல் இருக்கும், எத்தனை பிள்ளை விழித்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். எங்கள் பெட்டியில் யூஎஸ்பி ஹப், அதன் கீழே 4ஜி மோடம். யூஎஸ்பி-யில் ஹப்புக்கு மட்டும்தான் கர்னல் தானாகவே ஆட்டோ (தூங்கலாம்) வைக்கும், மற்ற டிவைஸுக்குப் பெரும்பாலும் கன்ட்ரோல் ஃபைலில் ஆன் (தூங்காதே) என்றே இருக்கும். மோடம் விழித்தே கிடக்கும், அதனால் ஹப்பும் விழித்திருக்கும், அதற்கு மேலே ஹோஸ்ட் கன்ட்ரோலரும் விழித்திருக்கும். மோடத்தின் கன்ட்ரோலில் ஆட்டோ என்று எழுதினால் கீழிருந்து ஒவ்வொன்றாகப் படுக்கும். ஹோஸ்ட் கன்ட்ரோலருக்கும் தனியாக எழுத வேண்டிவரலாம்.

இன்னொரு வழக்கமான ஓட்டை பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க், டிவைஸை எழுப்பிப் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று ஏற்றும் ஃபங்ஷன். அது தோற்றாலும் எண்ணிக்கையை ஏற்றிவிடும். எரர் வந்ததும் எண்ணிக்கையைக் குறைக்கும் புட் போடாமல் ரிட்டர்ன் ஆனால் அந்த ஒன்று அப்படியே தங்கிவிடும், அப்புறம் சைல்டும் தூங்காது, பேரன்ட்டும் தூங்காது. 5.10-இல் ரிஸ்யூம்_அண்ட்_கெட் வந்தது இதற்காகத்தான், தோற்றால் அதுவே குறைத்துக்கொள்ளும். புதிதாக எழுதுகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்சார்களை இரண்டு கம்பியில் இணைக்கும் ஐ2சி பஸ்ஸில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. வெப்பம் அளக்கும் சென்சார் ஆக்டிவ் என்று காட்டும், மேலே கன்ட்ரோலரோ சஸ்பென்டட் என்று இருக்கும், பக் என்று நினைத்து நண்பர் ஒருவர் இரவெல்லாம் தேடினார். பக் இல்லை. ஐ2சி கோர், அடாப்டரை (கர்னலில் கன்ட்ரோலரின் கீழ் வரும் பஸ் டிவைஸ்) பதிவு செய்யும்போதே இக்னோர் சில்ட்ரன் (சைல்டைக் கணக்கில் எடுக்காதே) கொடியைப் போட்டுவிடுகிறது. சென்சார் தன் பாட்டுக்கு அளந்துகொண்டிருக்கலாம், பஸ் தேவைப்படுவது பேசும்போது மட்டும்தானே. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கன்ட்ரோலர் டிரைவர் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும். இந்தக் கொடியை உங்கள் பஸ்ஸுக்கும் போடலாம், ஆனால் சைல்டுக்கான கரன்ட்டே பேரன்ட் வழியாக வருகிறதென்றால் தொடாதீர்கள்.

மோடத்தின் ஆட்டோசஸ்பென்ட் இடைவெளி, அதாவது வேலை நின்றபின் தூங்கும் வரை காத்திருக்கும் நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. யூஎஸ்பி-க்கு இயல்பாக 2 விநாடி. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக டேட்டா அனுப்பினால் எழுவதும் படுப்பதுமாகவே போய்விடும், சேர்த்துவைத்து ஒரே மூச்சில் அனுப்புங்கள். இடைவெளியை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.