அம்மாயி சேலை என்ன நிறம்?

மூணு ராத்திரியா ஒரே படத்தோட உட்கார்ந்திருக்கேன். ஏற்காடு ஏரிக்கரையில அம்மாயி நிக்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படம். கம்ப்யூட்டர்ல மடிப்புக் கோட்டை ஹீலிங் பிரஷ்ங்கிற கருவியால அழிச்சாச்சு, அது சின்ன வேலை. நிறம்தான் பாடு. நிறம் தீட்டுற லேயரை, அதாவது படத்து மேல போடுற அடுக்கை, ‘கலர்’ மோடுல வச்சா, பழைய படத்தோட வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும். நாம தீட்டுற நிறம் மட்டும் மேல படியும். ஆனா அரக்கும் கரும்பச்சையும் கறுப்பு வெள்ளையில ஒரே சாம்பலாத் தெரியலாம். சாஃப்ட்வேர் குத்துமதிப்பாத்தான் சொல்லும். நான் பச்சை அடிச்சிருந்தேன்.

இன்னிக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டை போய் அம்மாயிகிட்டயே காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்துச்சு.

“அரக்கு சாமி. மாம்பழக் கலர் கரை. உங்க தாத்தன் எடுத்துக் குடுத்தது.”

திரும்பி வரும்போது ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கிற பழைய சினிமா ஸ்டுடியோவோட வளைவு. தமிழோட முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல அவங்க எடுத்ததுதான். நம்ம ஊருக்கும் நிறத்துக்கும் அவ்வளவு பழைய உறவு!

சேலையை மாத்தியாச்சு. பின்னாடி நிக்கிற சில்வர் ஓக் இலையோட அடிப்பக்க வெள்ளி மட்டும் பாக்கி.