எண்டோஸ்கோபிக்கு முந்தைய மணிநேரங்கள்

என் மாமனாருக்கு ஹெபடைட்டிஸ் பி கிருமியால் கல்லீரல் இறுகிப் போயிருப்பது எங்களுக்குச் சில ஆண்டுகளாகவே தெரியும். அந்த இறுக்கத்தால் கல்லீரலுக்குள் போக வழியில்லாத ரத்தம் உணவுக்குழாயின் அடிப்பகுதி நாளங்களுக்குத் திரும்பி, அவற்றைப் புடைக்கவைத்து, ஒரு நாள் வெடிக்கவும் வைக்கலாம் என்பதை, சிங்கப்பூரின் ஈசூன் வீட்டில் அவர் கட்டிகட்டியாக ரத்த வாந்தி எடுத்த இரவில்தான் முழுமையாக உணர்ந்தோம். ஆம்புலன்ஸ் அவசர எண்ணான 995ஐ அழைத்தோம், ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்தது.

அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனதும் எண்டோஸ்கோபி செய்து, அதாவது கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே உள்ளே விட்டு, ரத்தப்போக்கை நிறுத்திவிடுவார்கள் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவரோ அதே கட்டிலில் கிடந்தார். என் கொழுந்தனார் பொறுமையிழந்து கேட்டபோது, அங்கிருந்த தமிழ்த் தாதி ஒருவர், “பிரஷர் இவ்வளவு இறங்கியிருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் ஐயா தாங்கமாட்டார், தம்பி. சிகிச்சை ஆரம்பித்தாயிற்று, அதோ பாருங்கள்,” என்று சொட்டு மருந்துகளைக் காட்டினார். அதன் பிறகுதான் அங்கே நடப்பதை நான் கவனித்துப் பார்த்தேன்.

முதலில் ஏறிக்கொண்டிருந்தது டெர்லிபிரெசின். குடல்பகுதி ரத்தநாளங்களைச் சுருக்கி, கல்லீரலை நோக்கிப் பாயும் ரத்தத்தைக் குறைக்கும் மருந்து அது. நாளம் வெடித்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததுமே, எண்டோஸ்கோபிக்குக் காத்திராமல் அதைத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்தது செஃப்ட்ரியாக்சோன். காய்ச்சலே இல்லாதவருக்கு எதற்கு நோய்க்கிருமி மருந்து என்று கேட்டேன். இப்படி ரத்தம் கசியும் கல்லீரல் நோயாளிகளைத் தொற்று எளிதில் பிடித்துக்கொள்ளும் என்றும், தொற்று வந்தால் மறுபடி ரத்தம் கசியும் ஆபத்தும் உயிராபத்தும் கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார்.

ரத்தம் ஏற்றிய விதம்தான் எங்களை மிகவும் குழப்பியது. இவ்வளவு ரத்தம் போன மனிதருக்கு அளந்து அளந்து ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே போனால் ஏற்றுவது, 7க்கும் 8க்கும் இடையில் நிறுத்திவைப்பது என்பதே கணக்கு. அதற்கு மேல் ஏற்றினால் நாளங்களில் அழுத்தம் கூடி, ஓய்ந்த இடத்திலேயே மீண்டும் கசியக்கூடும்.

அந்த மருத்துவர் சொன்ன நேரக் கணக்கு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நோயாளி வந்து சேர்ந்த 12 மணி நேரத்திற்குள், ரத்த அழுத்தத்தை நிலைப்படுத்திய பிறகு எண்டோஸ்கோபி செய்ய வேண்டும்; கல்லீரல் நோயால் நாளங்களில் கூடும் அழுத்தம் பற்றி 2021இல் நடந்த பாவெனோ நிபுணர் மாநாட்டின் பரிந்துரையும் அதுவே. எவ்வளவு முயன்றும் நிலைப்படாமல் ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்தால், பாதுகாப்பாகச் செய்ய முடிகிற முதல் தருணத்திலேயே செய்தாக வேண்டும். பின்னாளில் ஹாங்காங் ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன். 2020இல் வெளியான அந்த ஆய்வில் இரைப்பை, உணவுக்குழாய் ரத்தப்போக்குள்ள 516 பேர் இருந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் புண்ணால் ரத்தம் கசிந்தவர்கள். வயிற்று மருத்துவர் பார்த்த 6 மணி நேரத்திற்குள் எண்டோஸ்கோபி செய்தவர்களிடையே, 6 முதல் 24 மணி நேரத்திற்குள் செய்தவர்களைவிட இறப்பு குறையவில்லை. ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்த அதிர்ச்சி நிலையிலிருந்து மீளாதவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதால், அதை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது.

விடியும் முன் அவரை அழைத்துச் சென்றார்கள். வயிற்றில் தேங்கிய ரத்தம் கீழே இறங்கி, கேமராவுக்கு வழி தெளிவாகத் தெரிய முன்கூட்டியே எரித்ரோமைசின் கொடுத்திருந்தார்கள்; அரைமயக்கத்தில் இருந்ததால், ரத்தம் நுரையீரலுக்குள் இறங்காதபடி மூச்சுக்குழாயில் குழாய் வைத்தார்கள். புடைத்த நாளத்தை எண்டோஸ்கோபிக் குழாயின் முனைக்குள் உறிஞ்சி, அடியில் சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவதுதான் பேண்டிங். வெளியே வந்த மருத்துவர் காட்டிய படத்தில், வளையம் இறுக்கிய இடங்கள் கருநீல மொட்டுகளாகத் தெரிந்தன.

வார்டில் டெர்லிபிரெசினைச் சில நாள் தொடர்ந்தார்கள். கல்லீரல் மேலும் மோசமாக இருந்திருந்தால், 72 மணி நேரத்திற்குள் கல்லீரலுக்குள்ளேயே ரத்தத்திற்கு மாற்றுவழி அமைக்கும் டிப்ஸ் சிகிச்சைக்கு அனுப்பியிருப்பார்களாம். அவருக்கு அது தேவைப்படவில்லை. வளையங்கள் உதிரும் இடத்தில் புண் ஏற்படும் என்பதால், அத்தை கஞ்சியை நன்றாக ஆறவைத்தே கொடுத்தார். நாளங்கள் முற்றிலும் மறையும்வரை சில வார இடைவெளியில் பேண்டிங் தொடர்கிறது. கூடவே அந்த நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலோல் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

வீட்டில் இப்படியொரு நோயாளி இருப்பவர்கள், 995இல் பேசும்போதே கல்லீரல் இறுக்கம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மருந்துப் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். எண்டோஸ்கோபிக்கு முன்பே தொடங்க வேண்டிய மருந்துகளை மருத்துவர்கள் முடிவுசெய்வது அந்தத் தகவலை வைத்துத்தான்.