மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால்

என் சித்தப்பாவுக்கு இடது பக்க மேல் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியபோது, வயதானால் பல் ஆடுவது இயல்புதானே என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டோம். பல்லைப் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறவில்லை. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இடது நாசி அடைத்திருந்ததையும், மூக்கைச் சிந்தும்போது கைக்குட்டையில் இரத்தக் கீற்றுப் படிந்ததையும், இடது கன்னம் மரத்திருந்ததையும் அவர் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு ஆட்களிடம் சொல்லியிருந்தார். பல்லுக்கு ஒரு மருத்துவரையும் மூக்கடைப்புக்கு வேறொரு மருத்துவரையும் பார்த்தார். கன்னம் மரத்ததற்கு யாரையுமே பார்க்கவில்லை. இவை அனைத்தும் ஒரே இடத்திலிருந்து, இடது கன்ன எலும்புக்குள் உள்ள காற்றறையில் வளர்ந்த புற்றுநோயிலிருந்து, வருகின்றன என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் கண்டறிந்தபோது எட்டு மாதங்கள் கடந்திருந்தன. வீணாய்ப் போன அந்த எட்டு மாதங்கள் மனத்தை விட்டு அகலாததால்தான் இதை எழுதுகிறேன்.

முக எலும்புகளுக்குள் கன்னங்களிலும், கண்களுக்கு இடையிலும், நெற்றியிலும், மூக்குக்கு வெகு பின்னால் மண்டையோட்டின் அடியிலுமாக நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. இவைதாம் சைனஸ்கள். இவற்றில் புற்றுநோய் வருவது மிக அரிது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் மூக்கின் உட்புறத்திலும் இவ்வறைகளிலும் தோன்றுபவை ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடுதான். ஆகவே மூக்கடைப்பு உள்ள எவரும் இதைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் அறை வெற்றிடமாக இருப்பதால், உள்ளே தோன்றும் கட்டி சுவரைத் தொடும்வரை எந்த வலியும் தராமல் வளர இடமிருக்கிறது. அண்டையில் உள்ள உறுப்புகள் பாதிக்கப்பட்ட பிறகுதான் நோய் வெளியே தெரிகிறது.

மிகுதியாகப் பாதிக்கப்படுவது கன்னத்து அறை. அதன் தரைக்கு அடியில் மேல் பற்களின் வேர்கள் இருக்கின்றன. கட்டி கீழ்நோக்கி வளர்ந்தால் பற்கள் ஆடும், அண்ணத்தில் வீக்கம் தோன்றும், நன்றாகப் பொருந்தியிருந்த செயற்கைப் பல்செட் திடீரெனப் பொருந்தாமல் போகும். அறையின் கூரையே கண்குழியின் தரை. மேல்நோக்கி வளர்ந்தால் கண் முன்தள்ளும், காட்சி இரண்டாகத் தெரியும், ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடியும். அந்தக் கூரை வழியாகத்தான் கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு செல்கிறது என்பதால், ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவதை நான் இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறியாகக் கருதுகிறேன். பின்புறம் பரவினால் தாடைத் தசைகள் பாதிக்கப்பட்டு வாயைத் திறப்பதே சிரமமாகும். கண்ணின் உள்முனையிலிருந்து தாடைக் கோணம் வரை ஒரு கோடு போட்டு, அதற்கு முன்னும் கீழும் உள்ள கட்டிகளைவிடப் பின்னும் மேலும் உள்ளவை கடுமையானவை என்று ஓங்கிரன் என்ற மருத்துவர் 1933இலேயே எடுத்துரைத்தார்.

சாதாரணச் சளியிலும் ஒவ்வாமையிலும் பெரும்பாலும் இரு நாசிகளும் அடைபடும், அல்லது அடைப்பு பக்கம் மாறிக்கொண்டிருக்கும். மாறாமல் ஒரே பக்கம் வாரக்கணக்கில் அடைத்திருப்பதும், அதே பக்கத்தில் இரத்தம் கலந்த அல்லது துர்நாற்றமுள்ள சளி வருவதும் வேறு வகை. இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு: கட்டி அறையின் வாயை அடைப்பதால் உள்ளே கிருமித்தொற்றும் சேர்ந்துகொள்ளலாம், ஆன்டிபயாட்டிக் மாத்திரையால் தொற்று தணிந்ததும் நோயே குணமானதாகத் தோன்றும். சித்தப்பா மூன்று முறை அப்படிக் ‘குணமானார்’.

ஒரு பக்கம் மட்டும் மூக்கில் சதை வளர்ந்திருந்தால் அதைச் சிறிது எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடக்கூடாது. எண்டோஸ்கோப் கருவியால் நாசிக்குள் பார்ப்பது முதற்படி. எலும்பு அரிபட்டிருப்பதைச் சி.டி. ஸ்கேன் காட்டும், தேங்கிய சளி எது, கட்டி எது என்பதை எம்.ஆர்.ஐ. பிரித்துக் காட்டும். புற்றுநோய்தான் என்பதைத் திசுப் பரிசோதனை மட்டுமே உறுதிசெய்யும்.

மருத்துவர் சித்தப்பாவின் தொழிலையும் கேட்டார். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியிருக்கிறது. பதனிட்ட தோலின் தூள், நிக்கல், புகைப்பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. வேலையை விட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தும் நோய் வரலாம் என்பதால் பழைய தொழிலையும் சொல்ல வேண்டும். சித்தப்பா முப்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். மரத்தூளோடு மிக நெருங்கிய தொடர்புடையது கண்களுக்கிடையிலான அறைகளில் வரும் வகை. அவருக்கு வந்தது அதுவன்று. எனினும் அதற்கு முன் அவரைப் பார்த்த யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அறுவைச் சிகிச்சையில் மேல்தாடையின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. பின்னர் ஆறு வாரங்கள் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தது. அண்ணத்தில் விழுந்த துளையை மூடும் தகட்டைப் பொருத்திக்கொண்டுதான் இப்போது பேசுகிறார், சாப்பிடுகிறார். இடது கன்னத்தில் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை.